முடி வெட்டி முடிந்த பிறகும் அவர்கள் ஏன் எழுந்து போவதில்லை?

பாரிஸில் லா சப்பல் பகுதியில் வசிக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வேலைக்குப் போகும் வழியில் ஷத்தோ தோ மெட்ரோ நிலையத்தைத் தாண்டும்போதெல்லாம் பார்க்கிறேன். ஆப்பிரிக்க சலூன்களில் பத்துப் பேர் இருந்தால் இரண்டு பேர்தான் முடி வெட்டிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களுக்கு வேலைவெட்டி கிடையாதா?”

அந்த ‘சும்மா’ என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு. 2007 முதல் 2016 வரை தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் வேலை பார்த்தேன். இடையில் நைஜீரியாவின் லாகோசுக்கும் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்குக்கும் பலமுறை போய்வந்தேன். சலூன் பெஞ்சுகளில் நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை என்பது எனக்கு விளங்கவே இரண்டு வருடம் ஆயிற்று.

முதலில் முடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரணம் அங்கேதான் தொடங்குகிறது. நெருக்கமாகச் சுருண்ட முடியை நம்மைப் போலச் சீப்பால் தூக்கிக் கத்திரியால் வெட்டுவதில்லை. மெஷினைத் தலையின் வளைவோடு ஒட்டி நகர்த்தி, அடியிலிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாக அடர்த்தி கூடும்படி செதுக்க வேண்டும். அதன் பிறகு நெற்றியோரம், பொட்டுப்பகுதி, பிடரி ஆகிய இடங்களில் கோடு இழுத்தாற்போல விளிம்பு எடுக்க வேண்டும். அந்த விளிம்பில்தான் தொழிலின் மானமே இருக்கிறது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். பத்து நாளில் அந்தக் கோடு கலங்கிவிடும். எனவே தோற்றத்தில் அக்கறையுள்ள ஆண் வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ வந்தே ஆக வேண்டும். சவரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒட்ட மழித்தால், சுருண்டு வளரும் முடி திரும்பித் தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு கொப்புளமாகிவிடும். இதெல்லாம் தெரிந்த ஒரு கை கிடைத்துவிட்டால் யாரும் எளிதில் அதை விடமாட்டார்கள். வீடு மாறி நகரத்தின் மறுகோடிக்குப் போனவர்கள்கூட இரண்டு பஸ் மாறிப் பழைய கடைக்கே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

வருகை அடிக்கடி, வேலை நிதானம், நாற்காலி இரண்டே இரண்டு. ஆகவே காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்புக்காகப் போட்ட பெஞ்சில்தான் எல்லாம் நடக்கிறது.

தார் எஸ் சலாமில் நான் குடியிருந்தது கினோண்டோனி பகுதி. சுவாஹிலி மொழியில் முடிதிருத்துபவரைக் கின்யோஸி என்பார்கள். கடைக்குள் கூப்பிடுவது ‘ஃபுண்டி’ என்று. கைத்தொழில் தெரிந்த எவரையும், தச்சரானாலும் தையல்காரரானாலும், அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். எங்கள் ஃபுண்டியின் கடை நம் ஊர்ப் பெட்டிக்கடையைவிடக் கொஞ்சம் பெரியது. சுவரில் சிம்பா கால்பந்து அணியின் சிவப்பு. எதிர்க்கடை யாங்காவின் மஞ்சளும் பச்சையும். 1935 இல் தொடங்கிய யாங்காவும் 1936 இல் தொடங்கிய சிம்பாவும் அந்த நகரத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. சிம்பா தோற்ற மறுநாள் எதிர்க்கடைக்காரர் வேண்டுமென்றே வந்து எங்கள் பெஞ்சில் உட்காருவார். யாரும் எழுந்து போகச் சொன்னதில்லை.

பெஞ்சுக்கென்று ஒழுங்கு உண்டு. வயதில் மூத்தவர் வாசலில் தெரிந்தால் இளையவர்கள் ‘ஷிகமோ’ என்று வணங்கி இடம் விடுவார்கள். அவர் ‘மரஹபா’ என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் உட்காருவார். கரி அடுப்பின் மேல் காப்பிக் கூஜாவைத் தொங்கவிட்டபடி காப்பிக்காரர் வருவார். சின்னக் கோப்பையில் கறுப்புக் காப்பி, கூடவே கஷாதா என்ற வேர்க்கடலை மிட்டாய். அதற்கான காசை யாராவது ஒருவர் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவார், மறுநாள் இன்னொருவர் கொடுப்பார். கையில் காசே இல்லாதவனுக்கும் கோப்பை வரும். அவன் முகத்தைப் பார்க்காமல் கொடுப்பார்கள், அந்த நாசூக்கு எனக்கு மிகவும் பிடிக்கும்.

முதல் வருடம் எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் கால்பந்தும் அரசியலும்தான். மொழி பிடிபட்ட பிறகுதான் அடியில் ஓடிய பேச்சு கேட்டது. துறைமுகத்தில் எந்த நிறுவனம் ஆள் எடுக்கிறது, எந்தத் தெருவில் அறை காலியாக இருக்கிறது, எந்த மருந்துக் கடையில் மலேரியா மாத்திரை விலை குறைவு, எந்தப் பையன் கெட்ட சகவாசத்தில் இருக்கிறான். ஒரு நாள் லாரி ஓட்டுநர் ஒருவர் கன்னத்தில் நுரையோடு, தன் உதவியாளன் நின்றுவிட்டதாகச் சொன்னார். ஃபுண்டி மெஷினை நிறுத்தவே இல்லை. பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த பையனைக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினார். பையன் எழுந்து வந்து நின்றான். மறுநாள் விடிகாலை அவன் அந்த லாரியில் மொரோகோரோ போய்க்கொண்டிருந்தான். விண்ணப்பமும் கிடையாது, பரிந்துரைக் கடிதமும் கிடையாது. ஆனால் அந்தப் பையன் ஆறு மாதமாக அங்கே உட்கார்ந்திருந்தான், அவன் எப்படிப்பட்டவன் என்று ஃபுண்டிக்குத் தெரியும். அந்த ஆறு மாதத்தைத்தான் வெளியே நடந்து போகிறவர் ‘சும்மா’ என்பார்.

2011 இல் வறட்சியால் நீர்மின் நிலையங்கள் தடுமாறி, தான்சானியாவில் பல மணி நேரம் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. பாதித் தலை வெட்டியபடி ஆள் எழுந்து எங்கே போக முடியும்? மின்சாரம் வரும்வரை எல்லாரும் சேர்ந்து காத்திருப்போம். அந்த இருட்டில்தான் பலரும் மனம்விட்டுப் பேசினார்கள். ஒருவருக்கொருவர் முகம் தெரியாததும் காரணமாக இருக்கலாம்.

இப்படிக் கூடும் இடத்துக்குச் சுவாஹிலியில் கிஜிவே என்று பெயர். நேர்ப்பொருள் சிறு கல். தெருமுனைக் கல்லில் உட்கார்ந்து பேசியதிலிருந்து வந்த சொல். அரசாங்கத்துக்கு இந்தக் கற்களைப் பிடிக்காத காலமும் இருந்தது. 1983 இல், நாட்டின் முதல் அதிபர் நியரேரேயின் ஆட்சியில், வேலையில்லாமல் நகரத்தில் திரிகிறவர்களைப் பிடித்துக் கிராமங்களுக்கு அனுப்ப ஒரு சட்டமே போட்டார்கள். ‘ங்குவு காஸி’ என்று அந்த இயக்கத்துக்குப் பெயர். உழைப்பின் பலம் என்று பொருள் கொள்ளலாம். அரசாங்கத்துக்கும் அப்போது உட்கார்ந்திருந்த ஆண்களெல்லாம் சோம்பேறிகளாகத்தான் தெரிந்தார்கள். பிறகு 1980களின் நடுவில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, இறக்குமதிப் பொருட்கள் வந்தன. 1994 இல் தான்சானியப் பெருநிலத்தில் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. வீட்டில் பெட்டி வாங்க முடியாதவர்களுக்குச் சலூன்தான் திரையரங்கம். கல்லில் இருந்தவர்கள் கூரைக்கும் மின்விசிறிக்கும் கண்ணாடிக்கும் நகர்ந்தார்கள்.

இது தான்சானியாவின் கதை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். நைஜீரியாவின் வடக்கிலும் நைஜரிலும் வாழும் ஹௌசா மக்களிடம் வன்சாம் என்ற பரம்பரைத் தொழிலாளர் உண்டு. பிறந்த ஏழாம் நாள் பெயர் சூட்டும்போது குழந்தையின் தலையை மழிப்பவர் அவர். விருத்தசேதனம் செய்பவர், கொம்பு வைத்து இரத்தம் எடுப்பவர், முகத்தில் குல அடையாளக் கீறல் இடுபவரும் அவர்தான். நம் ஊரிலும் முடிதிருத்தும் சமூகத்தாருக்கு மருத்துவர் என்ற பெயர் ஏன் வந்தது என்று தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. கூரிய கத்தியை நம்பி ஒருவரிடம் கழுத்தைக் கொடுக்கிறோம். அந்த நம்பிக்கையைத் தொடர்ந்து உடம்பையும் குடும்பச் சேதியையும் கொடுப்பது பெரிய தூரமில்லை.

நைஜரில் இளைஞர்கள் கூடும் வட்டத்துக்கு ஃபாடா என்று பெயர். ஹௌசா மொழியில் அந்தச் சொல்லுக்கு அரசவை என்று பொருள். 1990களின் தொடக்கத்தில், மாணவர் போராட்டங்களின் காலத்தில், அவை பெருகின. வேலையில்லாத பையன்கள் தங்கள் தெருவோரத் தேநீர் வட்டத்துக்கு அரசவை என்று பெயர் வைத்துக்கொண்டதில் எனக்கு ஒரு பெருமிதம் தெரிகிறது. மாலியில் அதையே கிரின் என்பார்கள். பச்சைத் தேநீரை மூன்று சுற்று காய்ச்சுவார்கள், முதல் சுற்று கசக்கும், கடைசிச் சுற்று இனிக்கும். கல்யாணம் செய்யவும் வீடு எடுக்கவும் பணமில்லாமல், வயது முப்பதைத் தாண்டியும் ஊரின் கணக்கில் பையனாகவே இருக்கிறவர்கள் அங்கே ஏராளம். வீட்டில் பகல் முழுக்க இருந்தால் அவமானம். பெஞ்சில் இருந்தால் அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அவன் கருத்தைக் கேட்க ஆள் இருக்கிறது.

லாகோஸ் வேறு மாதிரி. அங்கே சலூன் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சத்தம். கடை வாசலில் சின்ன ஜெனரேட்டர் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். மக்கள் அதற்கு ‘ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டாரைவிட நான் ஒரு படி மேல் என்பது அதன் பொருள். 2023 மே 29 அன்று புதிய அதிபர் டினுபு பெட்ரோல் மானியம் முடிந்தது என்று அறிவித்தார். 200 நைராவுக்குள் கிடைத்த லிட்டர் சில நாட்களில் 500 நைராவை ஒட்டி ஏறியது. ஜெனரேட்டரை நம்பி முடி வெட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. அங்கிருந்து தொலைபேசியில் பேசிய பழைய கடைக்காரர், நாற்காலியில் ஆள் இருக்கும்போது மட்டும் இயந்திரத்தை ஓட்டுவதாகச் சொன்னார். மின்விசிறியும் டிவியும் நின்றுவிட்டன, ஆனால் பெஞ்சு நிறைந்துதான் இருக்கிறதாம்.

நைஜீரியாவின் யொரூபா மக்களின் ஊர்களில் தொழில் பழகுகிறவனுக்கு ஒரு சடங்கு உண்டு. ‘ஃப்ரீடம்’ என்ற ஆங்கிலச் சொல்லாலேயே அதைக் குறிப்பிடுகிறார்கள். ஓகா, அதாவது முதலாளியாகிய ஆசான், எல்லார் முன்னிலையிலும் பையனை மண்டியிடச் செய்து, பிரார்த்தனை செய்து, கருவிகளைக் கையில் கொடுத்து விடுவிப்பார். நான் பார்த்த ஒரு விழாவில் பையனின் தாயார் அழுதுகொண்டே ஆடினார். பெஞ்சில் உட்கார்ந்து அவனுடைய கோணல் விளிம்புகளையெல்லாம் பொறுத்துக்கொண்ட வாடிக்கையாளர்களும் வந்திருந்தார்கள், அவன் சட்டையில் நோட்டுகளை ஒட்டினார்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் சலூன் பெரும்பாலும் நடைபாதையில் நிற்கும் ஒரு கூடாரம். சில இடங்களில் கார் பேட்டரியிலிருந்து மெஷின் ஓடும். வெட்டுகிறவர் மொசாம்பிக்கிலிருந்தோ ஜிம்பாப்வேயிலிருந்தோ காங்கோவிலிருந்தோ வந்தவராக இருப்பார். யோவில் பகுதியில் ஒரே கூடாரத்துக்குள் பிரெஞ்சும் லிங்காலாவும் சூலுவும் கேட்டேன். 2008 மே மாதம் அந்நகரின் அலெக்சாண்ட்ரா பகுதியில் தொடங்கிய வெளிநாட்டவர் எதிர்ப்பு வன்முறையில் 62 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கூடாரங்களில் பேச்சின் முதல் வாக்கியமே எந்தத் தெரு இன்று பாதுகாப்பு என்பதுதான் என்று ஒருவர் சொன்னார். ஊருக்குப் போகிற பஸ்ஸில் பணம் கொடுத்தனுப்ப நம்பகமான ஆள் யார் என்பதும் அங்கேதான் தெரியும்.

இந்தக் கடைகளில் சீட்டுக் கட்டுவதையும் சொல்ல வேண்டும். கானாவில் சுசு, யொரூபாக்களிடம் எசுசு அல்லது அஜோ, பிரெஞ்சு பேசும் நாடுகளில் தொந்தீன், தென்னாப்பிரிக்காவில் ஸ்டாக்வெல். பெயர் வேறு, வேலை நம் சீட்டுதான். கானாவில் சுசு வசூலிப்பவர் தினமும் கடை கடையாக வந்து சிறு தொகையை வாங்கி அட்டையில் குறித்துப் போவார்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கையால் வரைந்த சலூன் பலகைகளைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். பலகையில் வரிசையாகத் தலைகள், ஒவ்வொன்றின் கீழும் வெட்டின் பெயர். இப்போது அச்சடித்த சுவரொட்டி வந்துவிட்டது, எண்ணைச் சொன்னால் போதும். பழைய பலகைகள் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களின் சுவர்களுக்குப் போய்விட்டன.

குறைகளையும் மறைக்கக் கூடாது. இந்தப் பெஞ்சு ஆண்களுடையது. பெண்களைப் பற்றி அங்கே பேசுவதைப் பெண்கள் கேட்டால் மன்னிக்கமாட்டார்கள், மன்னிக்கவும் வேண்டியதில்லை. பதினாறு வயதுப் பையன் அதையெல்லாம் கேட்டு வளர்கிறான். தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் சோடாவும் சட்டையும் கொண்டுவருவார்கள். பிளேடைப் பகிர்ந்தால் மஞ்சள் காமாலை பரப்பும் ஹெபடைடிஸ் பி கிருமியும் எச்ஐவியும் தொற்றும் ஆபத்து உண்டு. நீல விளக்கு எரியும் பெட்டிக்குள் மெஷினை வைத்து எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள், அது போதாது. நைஜீரியாவில் சொந்த மெஷினைப் பையில் எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கலாம். புத்திசாலிகள்.

ஆனால் அந்த நம்பிக்கையின் வலிமையை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் இல்லை, லாஸ் ஏஞ்சலிஸில், ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் கடைகளில். ரொனால்ட் விக்டர் என்ற இதய மருத்துவரின் குழு 52 சலூன்களில் உயர் இரத்த அழுத்தம் இருந்த 319 ஆண்களைச் சேர்த்தது. ஒரு பிரிவினருக்குச் சலூனுக்கே மருந்தாளுநர் வந்து அழுத்தம் பார்த்து மருந்து கொடுத்தார்; மற்றப் பிரிவில் முடிதிருத்துபவர் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி ஊக்கப்படுத்தினார். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது, இரண்டாவதில் 9. முடிவுகள் 2018 இல் வெளிவந்தன. ஆஸ்பத்திரிப் படி ஏறத் தயங்குகிற ஆண், கழுத்தில் துணி கட்டிய நிலையில் கையை நீட்டிவிடுகிறான்.

இனி உங்கள் தெருவுக்கு வருகிறேன். ஷத்தோ தோவில் நீங்கள் பார்க்கும் ஆண்களில் பலர் கோத் திவ்வாரிலிருந்தோ (ஐவரி கோஸ்ட்) மாலியிலிருந்தோ காங்கோவிலிருந்தோ வந்தவர்கள். அவர்களுடைய முடியை வெட்டத் தெரிந்த கடை புறநகரில் எல்லா இடத்திலும் இல்லை, அதனால் ரயிலேறி அங்கே வருகிறார்கள். வந்ததும் ஊர்ச் சேதி, குடியுரிமை அலுவலகத்தில் எந்தத் தாளைக் கேட்கிறார்கள் என்ற தகவல், ஒரு நாள் கூலி வேலை, தலை சாய்க்க ஓர் இடம். லா சப்பலின் கடைகளில் நம் ஆட்கள் காய்கறி வாங்கிய பிறகும் ஏன் அரை மணி நேரம் நின்று பேசுகிறார்கள் என்று உங்களை யாராவது கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதேதான் இதற்கும் பதில். அந்தத் தெருவுக்குக் கசப்பான பக்கமும் உண்டு. 2014 இல் ஸ்திராஸ்பூர் பெருவீதி 57 ஆம் எண் சலூனின் தொழிலாளர்கள், வதிவிடத் தாள் இல்லாதவர்கள், சம்பளம் தரப்படாததால் வேலைநிறுத்தம் செய்து கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சங்கம் துணை நின்றது. மறு வருடம் அவர்களுக்கு வதிவிட உரிமை கிடைத்தது.

ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள். நுழைந்ததும் கடைக்காரருக்கு மட்டுமல்லாமல் பெஞ்சில் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம் சொல்லுங்கள். தொலைபேசியைப் பைக்குள் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. 2012 இல் ஒரு சனிக்கிழமை, எங்கள் பெஞ்சில் தினமும் உட்காரும் ஒரு கொத்தனாருக்கு ம்பேயாவில் தந்தை இறந்த செய்தி கடையில் வைத்தே வந்தது. ஃபுண்டி வானொலியை அணைத்தார். பாதியில் இருந்த தலையை விட்டுவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு பள்ளி நோட்டை எடுத்து ‘ரம்பிரம்பி’ என்று தலைப்பிட்டார். சாவு வீட்டுக்குக் கொடுக்கும் உதவிப் பணத்துக்கு அதுதான் பெயர். ஒவ்வொருவரும் ‘போலே’ என்று அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு இருந்ததைக் கொடுத்தார்கள். எதிர்க்கடை யாங்காக்காரரும் வந்து கொடுத்தார். விடிவதற்குள் உபுங்கோ பஸ் நிலையத்துக்கு மூன்று பேர் அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அவர் திரும்பி வந்தார். முடி வெட்டிக்கொள்ளவில்லை. நோட்டைக் கேட்டு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயரையும் தொகையையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர்கள் வீட்டில் நல்லது கெட்டது வரும்போது திருப்பிச் செய்ய வேண்டுமே. ஏழாவது வரியில் ஃபுண்டி என் பெயரை எழுதத் தெரியாமல் ‘முஹிந்தி’, அதாவது இந்தியர், என்று மட்டும் எழுதியிருந்தார். கொத்தனார் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார், என் பெயரை இரண்டு முறை சொல்லச் சொன்னார், அந்தச் சொல்லை அடித்துவிட்டு எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.